மூன்றாவது பிணத்தின் வாரிசு

நான் செத்துக் கிடந்தேன்.

மேலே ஈர வேட்டி, கீழே சுடுகிற மண், காது மடலில் ஓர் எறும்பு. செத்தவன் எறும்பைத் தட்டிவிடக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த எறும்புக்கும் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அம்மன் திருவிழாவில் படுகளத்து நாள் அது. போர் முடிந்த களத்தைக் கோயில் மைதானத்தில் அமைப்பார்கள். தோற்றுப்போன ராஜாவை ஒரு லாரி நீளத்துக்கு மண்ணில் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். அவன் கால்மாட்டில் ஐந்து பேர் தலையோடு கால் துணி போர்த்திக்கொண்டு பிணமாகக் கிடக்க வேண்டும். தூங்கும்போது எதிரி வெட்டிப்போட்ட அம்மனின் ஐந்து பிள்ளைகள் அவர்கள். பூசாரி உடுக்கை அடித்துக்கொண்டு வந்து, ஒவ்வொருவர் மேலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, “எழுந்திரு சாமி” என்பார். உடனே எழுந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் மூச்சு விட்டுக்கொள்ளலாம், மற்றபடி பிணம்தான்.

ஐந்து பிணமும் ஐந்து குடும்பங்களின் பரம்பரை உரிமை. எங்கள் குடும்பத்துக்கு மூன்றாவது பிணம். மற்றவர்களுக்கு முப்பாட்டன் வழியாகக் கிணறு வரும், தோப்பு வரும், ஒன்றுமில்லாவிட்டால் சர்க்கரை வியாதியாவது வரும். எங்களுக்கு வந்தது இது.

உடுக்கை நெருங்கியது. முதல் பிணம் எழுந்தது, பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டாவது குலவை. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது குலவை எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவருக்கு விழுந்தது. நான் இன்னும் கிடந்தேன். உடுக்கை நின்றுவிட்டது.

“யார்ரா இது, ஆறாவதா?” என்றார் பூசாரி.

பிணம் பதில் சொல்லக் கூடாது. ஆகவே பூசாரிக்கு முன்னால் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். சுற்றாமல் சொல்லத் தெரிந்திருந்தால் இந்தத் தொடர் மூன்றாவது வாரமே முடிந்திருக்கும்.

ஊரார் சொத்து

செஞ்சியில் பத்திரம் எழுதுவது என் தொழில் என்பது இத்தனை வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ளலாம். கிரயம், உயில், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம். அப்பன் வைத்துவிட்டுப் போனதை அண்ணன் தம்பிகள் என் மேஜையில்தான் கூறு போட்டுக்கொள்வார்கள். நான்கு எல்லையும் சொல்லி, கிணற்றில் ஆளுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பது வரைக்கும் எழுதிக் கொடுப்பேன். ஊரில் யார் யாருக்கு வாரிசு என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். என் வாரிசுரிமை ஒன்றைத்தான் கண்ணுக்கெதிரே வரவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

கடை வாசலில் நின்றால் ராஜகிரிக் கோட்டை தெரியும். அதைக் கட்டியவர்கள், பிடித்தவர்கள், பறிகொடுத்தவர்கள் என்று எத்தனை வம்சம்! அதில் ஒருவருடைய வாரிசும் இதுவரை வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததில்லை. டிக்கெட் எடுத்து உள்ளே போனோமா, செல்ஃபி எடுத்தோமா, மோர் குடித்துவிட்டு பஸ் ஏறினோமா என்று இருக்கிறது. பாரம்பரியம் என்றால் எனக்கு அந்த வகைதான் பிடிக்கும்.

என் அப்பாவுக்கு, எங்கள் வழக்கத்தில் நைனாவுக்கு, அந்த வகை தெரியாது. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் கம்பம் ஏறியவர், நாற்பது வருடம் விடாமல் மூன்றாவது பிணமாகப் படுத்தார். ஒரு வருடம் காய்ச்சலோடு படுத்து, நிஜமாகவே எழுந்திருக்காமல் ஊரைக் கலங்கடித்தார்.

எனக்கு மீசை முளைத்ததிலிருந்து, “அடுத்த வருசம் நான் படுக்கறேன் நைனா” என்று சொல்லிவந்தேன். ஒரு வருடம் பரீட்சை. ஒரு வருடம் மஞ்சள் காமாலை. ஒரு வருடம் மகள் பிறந்தாள். அதற்கடுத்த வருடமும் மகள் பிறந்ததையே சொன்னேன். நைனா எதையும் குறுக்கே கேட்டதில்லை. “செரி, வேலயப் பாரு” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிடுவார்.

போன திருவிழா முடிந்த சில வாரங்களில் நைனாவுக்கு நெஞ்சு வலி. ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டரிடம் விஷயத்தை விளக்கினேன். “வருசத்துக்கு ஒரு நாள், ரெண்டு மணி நேரம் பொணமா இருப்பாரு சார். பத்து நாள் ஒரு வேளை சாப்பாடு. அவ்ளோதான்.”

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இந்த ஒடம்ப வெச்சிக்கிட்டு பட்டினியும் வெயிலும்னா, அவரு ரெண்டு மணி நேரத்துல திரும்பி வர மாட்டாரு” என்றார்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. ஒரு குடும்பத்தின் இடம் ஒரு வருடம் காலியாகக் கிடந்தால், உரிமை பங்காளிக்குப் போய்விடும். எங்கள் பங்காளி சேகருக்கு மூன்று மகன்கள். மூன்று பேரும் நல்ல உயரம், படுத்தால் பார்க்க லட்சணமாக இருப்பார்கள். ஆக, இந்த வருடம் நான் படுக்காவிட்டால் ஒன்று உரிமை போகும், இல்லையென்றால் நைனா போவார்.

ஜப்பானிலும் பங்காளிகள்

கயல் என் ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் ஃபோனில் பார்ப்பதை ஒரு நாள் கார்ட்டூன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. அனிமே என்று சொல்ல வேண்டுமாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நைனாவுக்கு நேரம் போகவில்லை. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பேச்சு ஜப்பான் மொழியில், கீழே எழுத்து ஆங்கிலத்தில். நைனாவுக்கு இரண்டும் தெரியாது. ஆனால் முதல் நாளே மொத்தக் கதையும் புரிந்துவிட்டது.

கதை இதுதான். மலைமேல் ஒரு மணி. தினமும் பொழுது சாயும்போது அதை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மலைக்கடியில் தூங்கும் பூதம் எழுந்துவிடும். நானூறு வருடமாக ஒரே குடும்பம் அடித்துவருகிறது. அப்பன் செத்துப்போகிறான். மூத்த மகன் பட்டணத்துக்கு ஓடிவிடுகிறான். பள்ளிக்கூடம் போகிற மகள் தலையில் மணி விழுகிறது. பன்னிரண்டு எபிசோடு அழுகிறாள், பதிமூன்றாவதில் அடிக்கிறாள்.

“அந்த ஒத்தக் கண்ணனப் பாத்தியா, மணிய ஒடைக்கப் பாக்கறான். அவன் பங்காளி. மூஞ்சப் பாத்தாலே தெரியுது” என்றார் நைனா.

“தாத்தா, அவன்தான் வில்லன்.”

“அதத்தானே நானும் சொல்றேன்.”

விசாரித்ததில் அவன் உண்மையிலேயே பங்காளிதான். அவனுடைய தாத்தாவுக்கு மணியில் பங்கு கொடுக்காமல் விரட்டிவிட்டார்களாம். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒற்றைப்படை மாதம் நீ அடி, இரட்டைப்படை மாதம் நான் அடிக்கிறேன், பூதத்துக்கு இருவரும் பொறுப்பு என்று ஒரு பாகப்பிரிவினை எழுதியிருந்தால் இரண்டாவது எபிசோடிலேயே எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்திருக்கலாம். ஜப்பானில் நல்ல பத்திர எழுத்தர் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு இவர்களோடு உட்கார்ந்து இன்னும் நாலைந்து பார்த்தேன். எதை எடுத்தாலும் வாரிசுக் கதைதான். ஒருவனுக்கு வாள் வருகிறது. ஒருத்திக்குச் சாபம் வருகிறது. ஒருவனுக்கு அப்பனுடைய எதிரி வருகிறான். ஒருவனுக்காவது அரை ஏக்கர் நஞ்சை வந்ததாக நான் பார்க்கவில்லை. வாளை ஓங்கியவன் ஓங்கிய கையோடு நிற்பான். நடுவில் அவனுடைய கொள்ளுத்தாத்தா கதை இருபது நிமிடம் ஓடும். எதிரியும் மரியாதையாகக் காத்துக்கொண்டிருப்பான். பூசாரியை நடுக்களத்தில் நிறுத்திவிட்டு வந்து இதை எழுதுகிற நான் அதைக் குறை சொல்லக் கூடாதுதான்.

மணிக் கதையில் ஓடிப்போன மூத்த மகன் ஒரு நாள் திரையில் வந்தான். நல்ல உயரம், நெற்றியில் விழுந்து ஒரு கண்ணை மறைக்கிற முடி, காற்றில் பறக்கிற சால்வை. நைனா ஃபோனைத் தொட்டுக் காட்டினார்.

“இவன்தான் நீ.”

“எனக்கு அவ்ளோ முடி இல்ல நைனா.”

“ஓடிப்போறதுக்கு முடி எதுக்குடா?”

கயல் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்றது. அன்றைக்கு முழுவதும் எழுதிய பத்திரத்தில் இரண்டு இடத்தில் சர்வே எண்ணைத் தப்பாகப் போட்டேன்.

நைனாவுக்கு அந்தக் கதையில் ஒரே ஒரு குறைதான். செத்துப்போன அப்பன் ஆவியாக வந்து மகளிடம் மணியடிக்கிற கட்டையைக் கொடுக்கிறான். கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நைனாவுக்குக் கோபம் வந்தது.

“செத்துப் போயி வந்து குடுக்கறதுக்கு, இருக்கும்போதே குடுத்துட்டுப் போனா இன்னா? இந்த ஜப்பான்காரனுங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு சாவு வேணும்” என்றார்.

அன்றிரவு சாப்பிடும்போது, “இந்த வருசம் நான்தான் படுக்கறேன்” என்றேன். இந்த முறை நிஜமாகவே சொன்னேன். நைனா, “செரி” என்றார். அந்த “செரி” முந்தைய இருபத்தைந்து வருடத்து “செரி” போலவேதான் இருந்தது.

காப்பு

கொடியேற்றத்தன்று படுக்கிறவர்களுக்குக் காப்பு கட்டுவார்கள். மஞ்சள் துண்டு கோத்த நூல், மணிக்கட்டில். அதிலிருந்து பத்து நாள் ஒரு வேளைதான் சாப்பாடு. காப்பு கட்டாதவன் களத்தில் படுக்க முடியாது.

பூசாரி எனக்குக் கட்டினார். நைனா பக்கத்தில் சட்டையைக் கழற்றாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நாளும் நான் இருந்த விரதம் செஞ்சி பஜாருக்கே தெரியும். பதிவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மணிக்கட்டைக் காட்டினேன். வீட்டில் என் மனைவி தோசை வார்க்கிற வாசனை வந்தால், மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன்.

படுகளம் பத்தரைக்கு. காலையில் நைனாவிடம், “நீ வூட்டுலயே இரு. கயல் பாத்துக்குவா. நான் நேரா களத்துக்குப் போயிடறேன்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். காப்பு கட்டியவன் கடைக்கு எதற்குப் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். முகூர்த்த நாள், ஒரே ஒரு பத்திரம், ஒன்பதரைக்குக் கிளம்பிவிடலாம்.

அது விடுதலைப் பத்திரம். அனந்தபுரத்திலிருந்து வந்த அக்காவும் தம்பியும். அக்கா தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறார். பேனாவைக் கையில் வாங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இதுல கையெழுத்து போட்டுட்டா, அப்பறம் நான் அந்த வூட்டுப் பொண்ணு இல்லியா சார்?”

சட்டம் சொன்னேன். அழுதார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். தம்பியும் அழுதார். அவருக்கும் வாங்கிக் கொடுத்தேன். கையெழுத்து விழுந்தபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. சத்தத்தை அணைத்து வைத்திருந்த ஃபோனை எடுத்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. பைக்கை முறுக்கிக்கொண்டு ஊருக்குப் பறந்தேன்.

படுக்கிறவர்கள் குளித்துவிட்டு, ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு களத்துக்குப் போக வேண்டும். முகம் மூடிய பிறகு அவர்களிடம் யாரும் பேசக் கூடாது, யார் என்று பார்க்கவும் கூடாது. நான் போனபோது தண்ணீர்த் தொட்டி அருகே ஒருவரும் இல்லை. நானே இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, மூடிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடந்தேன். “பொணம் வருது, வழி வுடு” என்று கூட்டம் விலகியது. முகத்துணிக்குள்ளிருந்து மூன்றாவது இடம் எது என்று தெரியவில்லை, வரிசையின் கடைசியில் ஓர் இடம் தெரிந்தது. படுத்துவிட்டேன்.

படுத்திருப்பவர்களை எண்ணக் கூடாது. எண்ணினால் அத்தனை சாவு நிஜமாக விழும் என்பது நம்பிக்கை. அதனால் எங்கள் ஊரில் இதுவரைக்கும் ஒருவரும் எண்ணியதில்லை. ஐந்து பேர் என்று எல்லோருக்கும் தெரியும், பிறகு எதற்கு எண்ணுவது?

ஆறாவது

“யார்ரா இது?” பூசாரி மறுபடி கேட்டார். “அம்மனுக்கு அஞ்சு புள்ளைங்கதான்யா. ஆறாவதா ஒண்ண நான் இன்னான்னு எழுப்புவேன்?”

என் துணியின் நுனியை யாரோ தூக்கினார்கள். “அய்யய்யோ, லைன்மேன் மவன்” என்றது ஒரு குரல்.

உடனே சேகரின் குரல் கேட்டது. அவன் எங்கேயும் தாமதமாக வந்ததில்லை. “மூணாவது எடம்தான் எழுந்தாச்சே. இவனுக்கு இங்க இன்னா வேல? அப்டியே தூக்கி ஓரமாப் போடுங்க.”

“எழுப்பாம வுடக் கூடாதுடா. அந்த வூட்டுல நெஜமாவே ஒரு சாவு வுழும்” என்றாள் ஒரு பெண்.

துணிக்குள்ளே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது இடத்திலிருந்து எழுந்தது யார் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தில் எங்கள் குடும்பத்தைத் தவிர யாரும் படுக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் மிச்சம் இருப்பது ஒருவர்தான். இந்தச் சகுனம், நம்பிக்கை எதிலும் எனக்குப் பிடிப்பு கிடையாது. ஆனால் வீட்டில் ஒரு சாவு என்று அந்தப் பெண் சொன்னதும், வாய்விட்டு அம்மனைக் கூப்பிட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

“பூசாரி, நில்லு.” நைனாவின் குரல். மூச்சு வாங்கியது. “நீ என்னய எழுப்பிட்ட இல்ல?”

“எழுப்பிட்டேன்.”

“அப்ப என் கணக்கு முடிஞ்சிது. எழுப்புனவன மறுபடி யாரும் சாவடிக்க முடியாது. இப்ப அந்த எடம் காலியாத்தானே கீது? அத நான் இருக்கும்போதே அவனுக்கு வுட்டுட்டேன். ஊரே கேட்டுக்க, வுட்டுட்டேன். அவன இங்க இழுத்தாந்து போட்டு எழுப்பு.”

இந்த வாதம் எங்கள் ஊர்க் கதையில் எந்த இடத்திலும் கிடையாது. அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எனக்கும் கயலுக்கும் மட்டும்தான் தெரியும்.

“தெளிச்ச தண்ணி தெளிச்சதுதான். ஒரு எடத்துக்கு ரெண்டு தபா தெளிக்கறது இல்ல” என்றான் சேகர்.

“தண்ணி கொடத்துல இருக்குது இல்ல? அப்பறம் இன்னா?” என்றார் நைனா.

பூசாரி யோசித்தார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, மாலையில் தீ மிதிக்க வேறு வேண்டும். “இழுங்கடா” என்றார்.

இரண்டு பேர் என் கால்களைப் பிடித்து, ஆறாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்குத் தரையோடு இழுத்தார்கள். முதுகு எரிந்தது. ஆயிரக்கணக்கில் விடுதலைப் பத்திரம் எழுதியிருக்கிறேன். ஒரே வார்த்தையில், முத்திரைத்தாள் இல்லாமல், ஊரையே சாட்சி வைத்து ஒருவர் உரிமையை விட்டுக்கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்தேன் என்று கூடச் சொல்ல முடியாது, துணி மூடியிருந்தது.

உடுக்கை மறுபடி எழுந்தது. மஞ்சள் தண்ணீர் சில்லென்று விழுந்தது. “எழுந்திரு சாமி.”

துணியை விலக்கினேன். வெளிச்சத்தில் கண் கூசியது. குலவை காதை அடைத்தது. கூட்டத்தின் ஓரத்தில் கயல் ஸ்கூட்டி சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் கூட்டிவந்திருக்கிறாள். என் ஃபோனில் அவளுடைய ஏழு அழைப்புகள் இருந்ததைப் பிறகு பார்த்தேன். குனிந்து எனக்குக் கை கொடுத்தவர் நைனா. வெற்று உடம்பு, மார்பெல்லாம் மஞ்சள் தண்ணீரும் மண்ணும்.

அப்போதுதான் அவருடைய தோளுக்குக் கீழே, சட்டைக்கை மறைக்கிற இடத்தில், அந்த நூலைப் பார்த்தேன். மஞ்சள் துண்டு கோத்தது. அன்று காலையில் கட்டியதல்ல. வியர்வையில் கறுத்து, இறுகி, தோலில் பள்ளம் விழுந்திருந்தது. தோசை வாசனைக்கு நான் சண்டை போட்ட அதே வீட்டில், ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு இவரும் ஒரு வேளைதான் சாப்பிட்டிருக்கிறார்.

“எப்ப நைனா கட்டன?” என்றேன்.

“நீ கட்டன அன்னிக்கேதான்.”

அதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.